வாழைநாருக்கு விழும் அடி

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் பொருள்களுக்கு அடி விழாத நேரமே கிடையாது. ஸ்ரீரங்கம் போகிற ஒன்றாம் நம்பர் வண்டி பின்னால் எடுக்கையில் எதன்மீதாவது லேசாக இடித்தால், சிவப்பு விளக்கின் மூடி சில்லுச் சில்லாகக் கொட்டிவிடும். பைக் கண்ணாடியில் மாட்டியிருக்கும் ஹெல்மெட் நழுவித் தார்த் தரையில் உருண்டாலோ, ஒரு கீறலோடு சரி. விளக்கு மூடி பெரும்பாலும் அக்ரிலிக். ஹெல்மெட்டின் ஓடு பல சமயம் பாலிகார்பனேட். இரண்டையும் பட்டையாக வெட்டி மெதுவாக இழுத்துப் பார்த்தால் இரண்டுமே சதுர மில்லிமீட்டருக்கு 60, 70 நியூட்டன் தாங்குகின்றன. அக்ரிலிக் ஒன்றும் சளைத்ததில்லை. சொல்லப்போனால் ஒரு படி மேல். ஆனால் திடீரென்று ஓர் அடி விழுந்தால் கதையே வேறு.

மெதுவான இழுப்பில் தெரியாத இந்த வித்தியாசத்தைக் காட்டும் கருவி மிகச் சாதாரணமானது. ஒரு சட்டம், அதில் ஊசலாகத் தொங்கும் ஒரு சுத்தியல், அவ்வளவுதான். சுத்தியலைக் குறித்த உயரத்துக்குத் தூக்கிக் கொக்கியில் மாட்டுவார்கள். அது இறங்கிவரும் பாதையின் அடியில் சோதனைத் துண்டு காத்திருக்கும். கொக்கியை விட்டால் சுத்தியல் வந்து துண்டை முறித்துவிட்டு மறுபுறம் ஏறும். ஆனால் கிளம்பிய உயரத்தை எட்டாது. அந்தக் குறைதான் விடை: அவ்வளவு ஆற்றலையும் துண்டு விழுங்கிவிட்டது. பழைய கருவிகளில் இதைக் கண்டுபிடிக்க மின்சாரம்கூடத் தேவையில்லை. ஏறும் ஊசல் ஒரு முள்ளைத் தள்ளிக்கொண்டு போகும். ஊசல் திரும்பிவிடும், முள் அங்கேயே நிற்கும்.

பிரான்சின் ஜார்ஜ் சார்பி 1901-லும், இங்கிலாந்தின் எட்வின் ஐசாட் 1903-லும் இந்தச் சோதனைக்கு உருக்கொடுத்தார்கள். சார்பி முறையில் துண்டு இரு முனைகளிலும் தாங்கப்பட்டுப் படுத்திருக்கும், அடி நடுவில் விழும். ஐசாட் முறையில் ஒரு முனை பிடியில் இறுக்கப்பட்டு நிமிர்ந்து நிற்கும், அடி மேல்பாதியில் விழும். இருவர் மனதிலும் இருந்தது உலோகம்தான். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில், துறையில் சும்மா நின்றுகொண்டிருந்த ‘ஷெனெக்டடி’ என்ற புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல் இரண்டாகப் பிளந்தது. அதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகு சார்பி சோதனை இரும்புத் தொழிலில் தவிர்க்க முடியாததாயிற்று. திருச்சிக்கும் இது புதிதல்ல. கொதிகலன் செய்யும் ‘பெல்’ நிறுவனமும் அதன் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிற ஊரில், பற்றவைத்த எஃகைச் சுத்தியலால் அடித்துப் பார்ப்பது அன்றாட வேலை.

எஃகுக்கான சுத்தியல் 300 ஜூல் அளவில் அடிக்கும். பிளாஸ்டிக்குக்கு அது யானை. ஐசாட் சோதனையில் வழக்கமாகப் பயன்படும் சிறு சுத்தியல்களில் ஒன்று 2.75 ஜூல், ஒரு கிலோ எடையை 28 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வருகிற அடி. வேகம் நொடிக்கு 3.5 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் பன்னிரண்டரை கிலோமீட்டர். நிலையத்துக்குள் ஊர்ந்து வருகிற பேருந்தும் அதே வேகத்தில்தான் எதையாவது இடிக்கும்.

சுத்தியலின் எந்த இடம் துண்டைத் தொடவேண்டும் என்பதிலும் கணக்கு உண்டு. கிரிக்கெட் மட்டையில் ஓர் இடத்தில் பந்து பட்டால் கை அதிராது. சற்றுத் தள்ளிப் பட்டால் விரல்வரை சுளீர் என்று ஏறும். ஊசலுக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. அங்கே அடித்தால்தான் அதிர்ச்சி அச்சுக்குப் போய் வீணாகாமல் இருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, ஊசலைச் சிறு கோணத்தில் ஆடவிட்டு, ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தை அளந்தால் போதும். பள்ளிக்கூடத்தில் தனி ஊசலுக்குப் போட்ட அதே சூத்திரம் இங்கே சோறு போடுகிறது.

சோதனைத் துண்டு விரல் நீளம்தான்: 80 மில்லிமீட்டர் நீளம், 10 அகலம், 4 தடிமன். அதன் ஓரத்தில் ‘வி’ வடிவில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வெட்டு. ஆய்வகத்தில் ‘நாட்ச்’ என்பார்கள். வெட்டின் அடிமுனை கூராக இருக்கக்கூடாது, 0.25 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைந்திருக்க வேண்டும். இந்தப் பொடி வளைவில்தான் பாதி விஷயம் இருக்கிறது. வெட்டும் பல் மழுங்கினாலும், வேகமாக ஓட்டி பிளாஸ்டிக் லேசாக உருகினாலும், பொருள் அதேதான், எண் மாறிவிடும்.

சரி, எதற்கு வம்படியாகக் காயப்படுத்திவிட்டு அடிக்கவேண்டும்? நிஜப் பொருள்களில் மூலை, திருகுத் துளை, கீறல் என்று ஏற்கெனவே காயங்கள் இருக்கின்றன. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். 3.2 மில்லிமீட்டர் தடிமனில், வெட்டு போட்ட பாலிகார்பனேட் ஐசாட் சோதனையில் மீட்டருக்கு 600 முதல் 850 ஜூல்வரை விழுங்கும். அக்ரிலிக் 20-ஐத் தொட்டாலே பெரிது. அதே பாலிகார்பனேட்டை இரு மடங்கு தடிமனாக்கினால் எண் கூடும் என்றுதானே நினைப்போம்? சடாரென்று விழுகிறது. தடித்த துண்டின் உள்பகுதியால் பக்கவாட்டில் சுருங்கி நெகிழ முடிவதில்லை. நெகிழ முடியாதது உடைகிறது. தடிமன் கூடினால் பலம் கூடும் என்ற நம் பொதுப்புத்திக்கு ஊசல் தரும் பதில் இது.

மொறுமொறுப்பான பிளாஸ்டிக்கில் இன்னொரு வேடிக்கை. சாதாரண பாலிஸ்டைரீன் முறிந்ததும் மேல்பாதி பறந்துபோய் விழும். அதைத் தூக்கியெறியச் செலவான ஆற்றலும் கணக்கில் சேர்ந்துவிடும். சிறிய எண்ணில் அது கணிசமான பங்கு. கவனமாகச் செய்பவர்கள் அதைக் கழித்துவிடுவார்கள். துண்டே வைக்காமல் ஊசலை ஒருமுறை வீசி, காற்றும் அச்சின் உராய்வும் எவ்வளவு தின்கின்றன என்றும் பார்த்துக்கொள்வார்கள். துண்டுகளை 23 டிகிரி வெப்பத்திலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் 40 மணி நேரம் வைத்திருந்துதான் அடிக்கவேண்டும் என்கிறது அமெரிக்க விதிமுறை. மே மாதத் திருச்சியில் இவ்வளவு சுகமான வாசம் மனிதர்களில் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுகள் நழுவி இடம்மாற நேரம் வேண்டும். வேகமான அடி அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை, குளிரும் கொடுப்பதில்லை. பாலிபுரொப்பிலீன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி விறைத்துப்போகும் பொருள். வெயிலில் கிடக்கும் நாற்காலி தாங்குகிற அடியை, ஃப்ரீசரிலிருந்து எடுத்த டப்பா தாங்காது. நைலானோ ஈரத்தை விரும்பும்: காய்ந்திருந்தால் பட்டென்று முறியும், கொஞ்சம் தண்ணீர் உறிஞ்சினால் வளைந்துகொடுக்கும்.

இனி வாழைக்கு வருவோம். சத்திரத்திலிருந்து காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டுக்குப் போனால், மாலை கட்டுகிறவர்கள் விரல்களில் வாழைநார் ஓடிக்கொண்டிருக்கும். தார் வெட்டிய பிறகு மரம் வயலில் கிடந்து மக்குவதற்குத்தான். அந்த மட்டையிலிருந்து நாரெடுத்துப் பயன்படுத்துவது, 1993-ல் திருச்சியில் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் அக்கறைகளில் ஒன்று. பூக்கட்டுவதற்கு அப்பால், பாலியெஸ்டர் பிசினில் நாரை அடுக்கி அழுத்திப் பலகையாக்குவது இன்னொரு வழி. கண்ணாடியிழைக்குப் பதில் வாழைநார்.

அந்தப் பலகையை வெட்டி ஊசலுக்குக் கொடுத்தால் நடப்பதுதான் எனக்கு இந்தச் சோதனையிலேயே மிகப் பிடித்த பகுதி. பிசின் தனியாக இருந்தால் விரிசல் ஒரே கோடாக ஓடிவிடும். நார் குறுக்கே வந்தால் விரிசல் தடுக்கி நிற்கிறது, நாரைச் சுற்றிப் போகிறது. கடைசியில் நார் அறுகிறது, அல்லது பிசினிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. வழுக்கும்போது உராய்வுக்கு எதிராக வேலை நடக்கிறது; சுத்தியலின் ஆற்றலில் பெரும்பங்கு அங்கே செலவாகிறது. முறிந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் தெரியும்: நார் நன்றாக ஒட்டிய பலகையில் முகம் மழமழவென்று இருக்கும், வழுக்கிய பலகையில் துடைப்பமாக நார்கள் நீட்டிக்கொண்டிருக்கும், எதிர்ப்பாதியில் அவை இருந்த துளைகள்.

ஆகவே ஒட்டு அதிகமானால் அடிதாங்கும் திறன் கூடும் என்று சொல்ல முடியாது. காஸ்டிக் சோடாவில் நாரைக் கழுவினால் பசை போய்ப் பிசின் நன்றாகப் பிடிக்கும், இழுவிசைக்கு அது நல்லது. ஆனால் அளவு மீறிப் பிடித்துவிட்டால் நார் வழுக்காமல் அங்கேயே அறுந்துவிடும். நாரின் நீளத்திலும் இதே இழுபறிதான்: ரொம்பக் குட்டையானால் சுலபமாக உருவிக்கொண்டு வரும். கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் சாபு தாமஸ் உள்ளிட்டோர் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், வாழைநார்–பாலியெஸ்டர் பலகை 40 மில்லிமீட்டர் நாரில்தான் மிக அதிக அடி தாங்கியது.

ஊசலால் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. கார்பன் இழை அடுக்குகளில் அடி விழுந்த இடம் மேலே சுத்தமாகத் தெரியும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். விமானக்காரர்கள் அதனால் தட்டையான தகட்டின்மேல் எடையைப் போட்டு, பிறகு அதே தகட்டை அமுக்கிப் பார்க்கிறார்கள். முறியாமல் மடங்கித் தப்பிவிட்ட துண்டுக்கு ‘முறியவில்லை’ என்றுதான் எழுதவேண்டும். முறிந்த துண்டுகளின் எண்ணோடு அதைச் சேர்க்கக் கூடாது. கிடைத்த எண்ணை வைத்து ஒரு பம்பரின் தடிமனைக் கணக்குப் போடவும் முடியாது. இந்தப் பொருளா அந்தப் பொருளா என்று ஒப்பிடத்தான் அது உதவும்.

வாழைநார் பலகைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நார் தண்ணீரைக் குடித்து உப்பும், பிசினின் பிடி தளரும், இழுவிசை இறங்கும். பிடி தளர்ந்ததால் நார் தாராளமாக வழுக்கி, ஐசாட் எண் சில சமயம் ஏறவும் செய்யும். நனைந்த பலகை அதிக அடி தாங்குகிறது என்று யாராவது காட்டினால், அதே பலகையின் இழுவிசை எண்ணையும் கேட்டு வாங்குவது நல்லது.