காந்தச் சிகிச்சையும் மறைத்து வைத்த ஒரு குடும்பக் கதையும்

லண்டனிலிருக்கும் என் தாத்தாவின் மாப்பிள்ளைக்கு 'டி.எம்.எஸ்.' செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பாடகர் சௌந்தரராஜன்தான். பிறகுதான் விளங்கியது, அது மூளையைக் காந்தத்தால் தூண்டி மனச்சோர்வைத் தணிக்கும் சிகிச்சை என்று.

மூன்றாம் கிழமை ஒருநாள், இங்கே சுபஹு நேரம், அங்கே நடுச்சாமம், மச்சான் கோல் எடுத்தார். வருஷக்கணக்காக 'ம்' என்பதற்கு மேல் பேசாத மனிதர் நிறுத்தாமல் பேசினார். "நாலு நாளா மூணு மணித்தியாலம்தான் தூங்குற மச்சான். களைப்பே இல்ல. ஊர்ல ரெண்டு காணி பார்த்து வைங்க." தாத்தா போனை வாங்கி, "அல்ஹம்துலில்லாஹ், சுகமாயிட்டு" என்று அழுதா. முப்பது வருஷம் மருந்தாளராக இருந்த எனக்கு அந்தச் சந்தோஷம் பயத்தைத்தான் தந்தது.

சிகிச்சையின் அடிப்படை எளிது. மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று 1831இல் பரடே கண்டுபிடித்தார். 1985இல் ஷெபீல்டில் அந்தனி பார்க்கரும் குழுவினரும், தலைக்கு மேல் ஒரு கம்பிச்சுருளை வைத்து, வலியில்லாமல் மூளையைத் தூண்டிக் காட்டினார்கள். மனச்சோர்வுக்கு இதைப் பெரும்பாலும் நெற்றியின் இடப்பக்கத்தில் கொடுப்பார்கள். மயக்க மருந்து இல்லை. மின்னதிர்ச்சிச் சிகிச்சையைப் போல வலிப்பை வரவழைப்பதும் இல்லை. வழமையாக கிழமைக்கு ஐந்து நாள், நாலு முதல் ஆறு கிழமை. அமெரிக்கா 2008இல் இதற்கு அனுமதி கொடுத்தது.

தலைவலியும் தலைத்தோலில் நோவும்தான் சாதாரண பக்கவிளைவுகள். அரிதாக, சோர்ந்திருந்த மனம் எல்லை கடந்து மேலெழும்பும். இதையே மேனியா என்கிறோம். 2008இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், உண்மையான தூண்டல் பெற்றவர்களில் 0.84 வீதமானோருக்கும், போலித் தூண்டல் பெற்றவர்களில் 0.73 வீதமானோருக்கும் இது வந்திருந்தது. வித்தியாசம் மிகச் சிறிது. ஆகவே காந்தத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது.

அப்படியானால் எங்கிருந்து வருகிறது? இருமுனைக் கோளாறு பலரில் முதலில் மனச்சோர்வாகவே தலைகாட்டும். உள்ளே மறைந்திருக்கும் மற்ற முனையைச் சிகிச்சை தட்டியெழுப்பக் கூடும். மனச்சோர்வு மாத்திரைகளும் அப்படிச் செய்வதுண்டு. அதனால்தான் ஆரம்பத்திலேயே டாக்டர் கேட்பார்: "குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா?"

மச்சானிடமும் கேட்டார்கள். "இல்லை" என்றிருக்கிறார்.

இருந்தது. அவருடைய சாச்சா ஒருநாள் கடைச் சாமான்களையெல்லாம் ரோட்டில் போறவாறவங்களுக்கு அள்ளிக் கொடுத்தவர். இரவிரவாகப் பேசியவர். ஜின் என்று சொல்லி அறைக்குள் பூட்டி வைத்தார்கள். வீட்டில் குமர்ப்பிள்ளைகள் இருந்ததால் கதை வெளியே போகவில்லை. பிறகு வீட்டுக்குள்ளும் யாரும் பேசவில்லை.

"தாத்தா, இது சுகம் இல்ல. விடிஞ்ச உடனே டாக்டருக்குச் சொல்லுங்க. சாச்சாட விஷயத்தையும் சொல்லுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அதையுமா?" என்றா.

சொன்னா. தூண்டலை நிறுத்தினார்கள், மாத்திரைகளை மாற்றினார்கள், மனநிலையைச் சமப்படுத்தும் மருந்து கொடுத்தார்கள். சில கிழமைகளில் அடங்கியது. காணி வாங்கவில்லை.

இந்தச் சிகிச்சைக்குப் பயப்படச் சொல்லி நான் எழுதவில்லை. மருந்துக்கு அடங்காத மனச்சோர்வில் கிடப்பவருக்கு அது பெரிய உதவி. ஆனால் தூக்கம் குறைந்தும் களைப்பில்லை, பேச்சு ஓடுகிறது, காசு கைமீறிப் போகிறது, தன்னால் முடியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு என்றால் அது குணமல்ல. நோயாளிக்கு அது தெரியாது. அவருக்கு அது சுகமாகவே இருக்கும். கூட இருப்பவர்தான் காண வேண்டும்.

சாச்சா மௌத்தாகிக் கனகாலம். அவருடைய கதையை மறைத்துக் குமர்களைக் கரைசேர்த்தார்கள். அதைச் சொல்லி மச்சானைக் காப்பாற்றினோம்.