வீட்டுத் தரகர் யாருடைய ஆள்?

தமிழ்நாட்டில் ஒரு வீடு கைமாறும்போது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே நிற்பவர்கள் அனைவரும் ஒரே வகையினர் அல்லர். வீட்டைக் காட்டுவது, விலை பேசுவது, பதிவு நாளில் உடன் வருவது என்று வெளிப்பார்வைக்கு அவர்களின் வேலை ஒன்றுபோல் தோன்றினாலும், சட்டம் அவர்களுக்கு விதிக்கும் கடமைகள் வேறுவேறானவை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிறருக்காகச் செயல்படவோ மூன்றாம் நபருடனான நடவடிக்கைகளில் பிறர் சார்பில் நிற்கவோ அமர்த்தப்பட்டவரை முகவர் என்றும், அவரை அமர்த்தியவரை முதன்மையாளர் என்றும் வரையறுக்கிறது. கணக்குக் காட்டுவது, கவனத்துடன் நடப்பது, மறைவாக ஆதாயம் தேடாதிருப்பது ஆகிய கடமைகளை முகவர் தம் முதன்மையாளருக்கே ஆற்ற வேண்டியிருப்பதால், வீடு வாங்குபவர் முதலில் அறிய வேண்டியது இவரை அமர்த்தியவர் யார் என்பதுதான்.

பழைய வீடுகளின் விற்பனையில் பெரும்பாலும் முன்நிற்பவர் உள்ளூர்த் தரகர். தெருவின் பழைய சண்டைகளையும் கோடைக்காலத் தண்ணீர் நிலையையும் அறிந்திருப்பதால் அவருடைய பயன் உண்மையானது, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் விற்பவர், வாங்குபவர் ஆகிய இருவரிடமும், பெரும்பாலும் எழுத்து ஏதுமின்றி, விலையில் 1 அல்லது 2 விழுக்காடு கமிஷன் பேசிக்கொள்ளும் அவர், விலை உயர வேண்டும் என்பவருக்கும் குறைய வேண்டும் என்பவருக்கும் ஒரே நேரத்தில் உழைப்பதாகச் சொல்லிக்கொள்கிறார். நடைமுறையில் அவருடைய அக்கறை பேரம் முடிவதில்தான் இருக்கிறது. உரிமையாளர் சொன்ன விலைக்கு மேல் ஒரு தொகையை வைத்துச் சொல்லி, அந்த வித்தியாசத்தைத் தாமே எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. முதன்மையாளருக்குத் தெரியாமல் முகவர் தம் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்தால் அதில் கிடைத்த பயனை முதன்மையாளர் கேட்டுப் பெறலாம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 216ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அவ்வுரிமை முதன்மையாளருக்கு உரியதேயன்றி, கூடுதல் விலை கொடுத்த வாங்குபவருக்கு உரியதன்று.

புதிய அடுக்குமாடிகளையும் மனைப்பிரிவுகளையும் விற்றுத் தருபவர்கள் வேறு வகையினர். கட்டுநர் நிறுவனம் அமர்த்திக் கட்டுநரே ஊதியம் தரும் இவர்களைத் தொழிலில் ‘சேனல் பார்ட்னர்’ என்பார்கள். வாங்குபவரிடம் இவர்கள் பொதுவாகக் கமிஷன் கேட்பதில்லை என்பதே இவர்கள் யார் பக்கம் என்பதைச் சொல்லிவிடுகிறது. ‘ரெரா’ என்று பரவலாக அறியப்படும் 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், பதிவுக்கு உட்பட்ட திட்டங்களில் விற்பனைக்குத் துணைபுரியும் முகவர்களும் ஒழுங்குமுறை ஆணையத்தில் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. பதிவாகாத திட்டத்தில் விற்பனைக்குத் துணைபோகக் கூடாது என்பதும், வாங்குபவருக்கு உரிய ஆவணங்களும் தகவல்களும் முன்பதிவின்போதே அவர் கைக்குச் சேர உதவ வேண்டும் என்பதும் 10ஆம் பிரிவு அவர்களுக்கு விதிக்கும் கடமைகள். மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்து மதிப்பில் 5 விழுக்காடு வரை தண்டம் உயரலாம். ஆனால் இந்தக் காவலின் எல்லை குறுகியது. நிலப்பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டாத அல்லது வீடுகளின் எண்ணிக்கை 8க்கு மேற்படாத திட்டங்களுக்குப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. இருபது ஆண்டுப் பழைய வீட்டை விற்றுத் தரும் தெருமுனைத் தரகரையும் இச்சட்டம் தொடுவதில்லை.

மூன்றாமவர் தரகரே அல்லர், ஆயினும் பலர் அவரைத் தரகராகவே எண்ணிக்கொள்கிறார்கள். உரிமையாளரிடம் பொது அதிகார ஆவணம் பெற்று, அவர் சார்பில் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடும் ‘பவர் ஏஜெண்ட்’ அவர். இத்தகைய அதிகாரம், முகவருக்கே அச்சொத்தில் நலன் உள்ள சில நேர்வுகள் தவிர, உரிமையாளர் இறந்தவுடன் முடிந்துவிடுவதால்தான், அவர் உயிருடன் இருக்கிறார் என்பதற்கான சான்றைப் பதிவு அலுவலகம் கேட்கிறது. அதிகார ஆவணத்தை மட்டும் எழுதி வாங்கிக்கொள்வதால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவுபடுத்தியது. இவருக்கு அருகிலேயே வைக்கத்தக்க மற்றொருவர், உரிமையாளருக்கு முன்பணம் கொடுத்து விற்பனை ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, கெடு முடிவதற்குள் கூடுதல் விலைக்கு வேறொருவரைப் பிடிப்பவர். விற்பனை ஒப்பந்தம் மட்டுமே சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்பது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 54ஆம் பிரிவு. ஆகவே இவர் யாருக்கும் முகவரல்லர், கெடுவோடு பந்தயம் கட்டும் வியாபாரி.

வாங்குபவருக்கென்றே தனி முகவர் என்ற ஏற்பாடு அமெரிக்காவில் உண்டு என்றாலும், அங்கும் அது அண்மைக் காலத்தது. 1990களின் தொடக்கம் வரை, வாங்குபவரைக் காரில் ஏற்றி வீடு வீடாகக் காட்டியவர்கூடச் சட்டப்படி பெரும்பாலும் விற்பவரின் துணை முகவராகவே இருந்தார். தம்மால் அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்பதை வாங்குபவர் எதிர்த்தரப்பிடமே சொல்லிக்கொண்டிருந்தார் என்பது இதன் பொருள். ஒருவரே இரு தரப்புக்கும் முகவராக நிற்பதை ஃபுளோரிடா, கொலராடோ போன்ற மாநிலங்கள் தடை செய்துள்ளன. முகவர்களின் தேசியச் சங்கம் ஒரு பெரும் வழக்கில் கண்ட சமரசத்தின்படி, 2024 ஆகஸ்ட் முதல், சங்கத்தின் விதிகளுக்கு உட்பட்ட முகவர் ஒருவர் வீட்டைச் சுற்றிக்காட்டுவதற்கு முன்பே வாங்குபவருடன் ஊதியத்தைக் குறிப்பிடும் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியுள்ளது.

தமிழ்நாட்டில் அந்த இடத்தை நிரப்பக்கூடியவர், பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் படித்துக் கருத்துரை தரும் வழக்கறிஞர் ஒருவரே. கடன் தரும் வங்கியின் வழக்கறிஞரும் இதே ஆவணங்களைத்தான் பார்க்கிறார் என்றாலும், அவர் காப்பது வங்கியின் நலனை. வாங்குபவர் அமர்த்தும் வழக்கறிஞரும் தரகர் பரிந்துரைத்தவராக இருந்தாலோ, ‘டோக்கன் அட்வான்ஸ்’ கைமாறிய பிறகே ஆவணங்களைக் கையில் வாங்கினாலோ, அவருடைய கருத்துரைக்கு மதிப்புக் குறைந்துவிடுகிறது. முன்னதில் அவருக்கு அடுத்த வேலை வருவதும் தரகர் வழியாகத்தான், பின்னதில் வாங்குபவரின் பணம் ஏற்கெனவே எதிர்த்தரப்பின் கையில்.