செடிக்கும் மூச்சு முட்டும்!

குட்டிச் செல்லங்களே! உங்களுக்கு ஒரு கேள்வி. வீட்டில் வளர்க்கும் தொட்டிச் செடிகள் எதனால் பட்டுப்போகின்றன?

"தண்ணீர் ஊற்ற மறந்துவிடுவதால்" என்றுதானே சொல்லப் போகிறீர்கள்? வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டபோதெல்லாம் எனக்கும் அந்தப் பதில்தான் கிடைத்தது. பாதி சரி. மீதிப் பாதி என்ன தெரியுமா? தண்ணீர் அதிகமாகிச் சாகும் செடிகளும் ஏராளம். அதுவும், செடிமேல் அளவு கடந்த அன்பு வைத்திருப்பவர்கள் கையால்தான் அவை சாகின்றன!

நம்ப முடியவில்லையா? கோட்டூர்புரத்தில் எங்கள் குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மூன்று வேளைத் தண்ணீர்

எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஏழாம் வகுப்பு படிக்கும் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, அவளுடைய பாட்டி தன் வீட்டுக் கொல்லையில் இருந்து ஒரு கற்பூரவல்லிச் செடியைப் பெயர்த்துக் கொடுத்தார். "இதைப் பார்க்கும்போதெல்லாம் என்னை நினைச்சுக்கோ" என்று சொல்லிக் கொடுத்தாராம்.

அவள் அதைக் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் வைத்து, பால்கனியில் வைத்தாள். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினாள். பத்தே நாளில் இலைகள் தொங்கிப்போயின. பயந்துபோனவள் இன்னும் ஒரு குவளை சேர்த்து ஊற்றினாள். அடி இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின.

ஒருநாள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். "டீச்சர் பாட்டி, மூணு வேளையும் தண்ணி ஊத்தறேன். அப்படியும் வாடிப்போகுதே!" என்று கண் கலங்கினாள்.

மண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன். தோசை மாவு மாதிரிச் சொதசொதவென்று இருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது. தொட்டியைச் சாய்த்துச் செடியை மெல்ல வெளியே எடுத்தேன். சாக்கடை நாற்றம்! வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்கள் பழுப்பாகி, தொட்டால் வழுக்கிக்கொண்டு வந்தன.

"உன் செடிக்குத் தாகம் இல்லை கண்ணு. மூச்சு முட்டுது!" என்றேன். அவள் திகைத்துப்போனாள்.

வேர் மூச்சு விடுமா?

விடும்! இலைகள் சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும்போது ஆக்சிஜனை வெளியிடும் என்று படித்திருப்பீர்கள். ஆனால், இருட்டில் மண்ணுக்குள் இருக்கும் வேரால் அந்த வேலையைச் செய்ய முடியாது. நம்மைப் போலவே அதுவும் ஆக்சிஜனை உள்ளே இழுத்து, கரியமில வாயுவை வெளியே விடுகிறது. அப்படிச் சுவாசித்தால்தான் தண்ணீரையும் சத்துக்களையும் உறிஞ்சுவதற்கு வேண்டிய சக்தி அதற்குக் கிடைக்கும்.

மண்ணுக்குள் காற்று ஏது என்கிறீர்களா? ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி அளவு காய்ந்த மண்ணைப் போட்டு, மெதுவாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். குமிழ் குமிழாகக் கிளம்பும். அதுதான் மண் துகள்களுக்கு இடையே ஒளிந்திருந்த காற்று! நல்ல தோட்ட மண்ணில் ஏறக்குறைய பாதிதான் திடப்பொருள். மீதிப் பாதி சின்னச் சின்ன இடைவெளிகள். அவற்றில் கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் காற்றும் இருக்க வேண்டும்.

அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? எல்லா இடைவெளிகளையும் தண்ணீரே பிடித்துக்கொள்ளும். தண்ணீரிலும் ஆக்சிஜன் கரைந்திருக்கிறதே என்று கேட்கலாம். ஆனால், ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜனில் முப்பதில் ஒரு பங்குகூட ஒரு லிட்டர் தண்ணீரில் இருப்பதில்லை. மேலும், தேங்கிய தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு! வேர் இருப்பதைச் செலவழித்துவிட்டுத் தவிக்க வேண்டியதுதான்.

மூச்சுத் திணறும் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் இலைக்குத் தண்ணீர் போய்ச் சேராது. இலை வாடும். நாம் அதைப் பார்த்து, "ஐயோ, தாகம்!" என்று இன்னும் ஊற்றுவோம். இதற்குள், ஈர மண்ணில் செழிக்கும் பித்தியம் போன்ற கிருமிகள் நலிந்த வேரைத் தாக்கி அழுகச் செய்துவிடும்.

சூடும் சேர்ந்தால்...

அந்தச் சிறுமியின் செடிக்கு இன்னொரு துன்பமும் இருந்தது. அது சூடு.

தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். உறைநிலைக்கு அருகில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 14 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரி செல்சியஸில் அது கிட்டத்தட்ட பாதியாகிவிடும். ஆனால் வேரின் தேவையோ இதற்கு நேர் எதிர்! ஓரளவு வரை, வெப்பம் 10 டிகிரி கூடினால் வேர் சுவாசிக்கும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

மத்தியான வெயிலில், ஜன்னல்களை எல்லாம் மூடிய, கூட்டம் நிரம்பிய பஸ்ஸில் நின்றிருக்கிறீர்களா? சொதசொதப்பான சூடான தொட்டியில் வேரின் நிலைமை அதுதான்.

தரையில் வளரும் மரத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. மேல்மண் சுட்டாலும் ஆழத்தில் குளிர்ச்சியாக இருக்கும். தொட்டியிலோ நான்கு பக்கமும் சூடு ஏறும். கறுப்பு பிளாஸ்டிக் என்றால் வெயிலை இன்னும் நன்றாக இழுத்துக்கொள்ளும். 2003-ம் ஆண்டு மே மாதம் சென்னையில் 45 டிகிரி வெயில் அடித்தது. அப்படிப்பட்ட ஊரில், வெயிலில் வைத்த தொட்டியின் மண் எப்படிக் கொதிக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! 40 டிகிரியைத் தாண்டினால் பல செடிகளின் வேர்கள் வளர முடியாமல் நின்றுவிடும்.

சிறுமியின் பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன். ஏ.சி. இயந்திரத்தின் வெளிப்பெட்டி ஊதும் அனல்காற்று நேராகத் தொட்டியின் மேல் அடித்தது. மதிய வேளையில் அவள் பிடித்து ஊற்றியது, மொட்டைமாடித் தொட்டியில் வெயிலில் காய்ந்து, குழாயில் சுடச்சுட வரும் தண்ணீர். பாவம் அந்தக் கற்பூரவல்லி!

குளிர்ந்த நாடுகளில் கதை தலைகீழ். லண்டன் கியூ தோட்டத்தில் 1844 முதல் 1848 வரை கட்டப்பட்ட பனை மாளிகை என்ற கண்ணாடிக் கூடம் இருக்கிறது. வெப்பநாட்டுச் செடிகள் குளிரில் விறைக்காமல் இருக்க, தரைக்கு அடியில் கொதிகலன்களை வைத்து அதற்குச் சூடேற்றினார்கள். வேருக்குக் குளிரும் ஆகாது; அதிகச் சூடும் ஆகாது.

வெள்ளம் சொன்ன பாடம்

எங்கள் கோட்டூர்புரம் இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் பார்த்திருக்கிறது. 2015-ம் ஆண்டு டிசம்பர் 1, 2 தேதிகளில் கனமழை நீரும் செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து திறந்துவிட்ட நீரும் சேர்ந்து, அடையாறு கரை புரண்டது. தரைத்தளத்து வீடுகளில் தண்ணீர் புகுந்தது. மனிதர்கள் உயிர் பிழைத்தால் போதும் என்று இருந்த நேரம். செடிகளை யார் பார்த்தார்கள்?

தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் தொட்டிகளைப் போய்ப் பார்த்தேன். மண் முழுக்க ஈரம். ஆனால் துளசி, கோடையில் காய்ந்ததைப் போல வாடி நின்றது. அவசரத்தில் நானும் தவறு செய்தேன். இலைகளின் சேற்றைக் கழுவுகிறேன் என்று தொட்டிகளில் மேலும் தண்ணீரை ஊற்றினேன். துளசி பிழைக்கவில்லை. பாடம் நடத்திய டீச்சருக்கே அன்றுதான் பாடம் புரிந்தது.

"அப்படியானால் நெல் எப்படித் தண்ணீரிலேயே நிற்கிறது?" என்று ஒரு புத்திசாலி கேட்பீர்கள். சபாஷ்! நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழாய் போன்ற இடைவெளிகள் உண்டு. இலைப் பக்கம் நுழையும் காற்று அதன் வழியாக வேருக்கு இறங்கிவிடும். பிச்சாவரம் சதுப்புக் காட்டில் உள்ள அலையாத்தி மரம் வேறொரு தந்திரம் செய்கிறது. சேற்றுக்கு மேலே பென்சில் பென்சிலாகச் சுவாச வேர்களை நீட்டிக் காற்றை வாங்கிக்கொள்கிறது. துளசிக்கும் கற்பூரவல்லிக்கும் அந்த வித்தை தெரியாது.

பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மணி பிளான்ட் வளர்க்கிறோமே என்கிறீர்களா? அதன் வேர்கள் தண்ணீரிலேயே முளைத்து, அதற்கேற்ப அமைந்தவை. அதற்கும் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். பாட்டிலை வெயிலில் வைக்கக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

* நேரம் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். மண்ணைப் பார்த்து ஊற்றுங்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் இன்று தண்ணீர் வேண்டாம்.

* சிறிய தொட்டி என்றால் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் ஈரம் இருக்கிறது. லேசாக இருந்தால் தாகம்.

* ஊற்றும்போது, அடியில் வழியும்வரை நன்றாக ஊற்றுங்கள். பிறகு காயும்வரை பொறுங்கள். அடித்தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டிவிடுங்கள். வேரும் பிழைக்கும், டெங்கு கொசுவும் முட்டையிடாது.

* தொட்டியின் அடியில் ஓட்டை அவசியம். அதன் மேல் ஒரு ஓட்டுச் சில்லை வைத்தால் மண் வெளியேறாது.

* இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மட்கிய தொழு உரம் கலந்தால் காற்றோட்டம் கிடைக்கும். தென்னை நார்க்கழிவு தண்ணீரை நிறையப் பிடித்து வைக்கும் என்பதால் அளவாகச் சேருங்கள்.

* கோடையில் மண்தொட்டி நல்லது. பானைத் தண்ணீர் குளிர்வதைப் போலவே, ஈரம் கசிந்து ஆவியாகி மண்ணைக் குளிர வைக்கும். பிளாஸ்டிக் தொட்டிதான் இருக்கிறது என்றால், சுற்றிலும் பழைய சாக்கைக் கட்டிவிடுங்கள்.

* காலையில் தண்ணீர் ஊற்றுங்கள். குழாயில் சூடாக வந்தால் வாளியில் பிடித்து ஆறவிட்டு ஊற்றுங்கள்.

* ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மண் சீக்கிரம் காயாது. வீட்டுக்குள் இருக்கும் செடிக்கு வாரம் ஒருமுறை ஊற்றினால்கூடப் போதுமானதாக இருக்கலாம். விரல்தான் முடிவு சொல்ல வேண்டும்.

ஒரு சோதனை

ஒரே அளவுள்ள கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, மண்தொட்டி ஒன்று எடுத்து, ஒரே மண்ணை நிரப்பி, ஒரே அளவு தண்ணீர் ஊற்றி வெயிலில் வையுங்கள். காலை 8 மணிக்கும் மதியம் 2 மணிக்கும், 5 சென்டிமீட்டர் ஆழத்தில் வெப்பத்தை அளந்து எழுதி வாருங்கள். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் உதவியுடன் செய்யுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை மண்ணில் குத்திவிடாதீர்கள்! ஒரு வாரம் கழித்து இரண்டு தொட்டிகளின் கணக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கற்பூரவல்லி என்ன ஆயிற்று?

அழுகிய வேர்களை எல்லாம் கத்தரித்தோம். புதிய மண் கலவையில் வைத்து, நிழலுக்கு மாற்றினோம். முன்னெச்சரிக்கையாக, நல்ல நுனிகள் மூன்றைக் கிள்ளி, தனியாக ஒரு மண்தொட்டியில் நட்டோம்.

தாய்ச்செடி பிழைக்கவில்லை. அவள் அன்று சாப்பிடக்கூட இல்லை என்று அவள் அம்மா சொன்னார். "பாட்டி குடுத்ததை நானே கொன்னுட்டேன்" என்று அழுதாளாம்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, நட்ட நுனிகளில் இரண்டு துளிர் விட்டன! அவை வேறு செடிகள் அல்ல. பாட்டி வீட்டுக் கொல்லையில் வளர்ந்த அதே கற்பூரவல்லியின் உடல்தான். அதைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. இப்போது தினமும் பள்ளி விட்டு வந்ததும் விரலை மண்ணில் விட்டுப் பார்க்கிறாள். "இன்னிக்கு வேணாமாம் டீச்சர் பாட்டி" என்று படியில் நின்றபடியே எனக்குச் செய்தி சொல்லிவிட்டுப் போகிறாள்.

அன்பு காட்டுவது என்றால் அள்ளிக் கொட்டுவது மட்டும் இல்லை, செல்லங்களே. எதிரில் இருக்கும் உயிருக்கு என்ன வேண்டும் என்று தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வதும் அன்புதான். இன்று உங்கள் வீட்டுச் செடிக்குத் தண்ணீர் எடுத்துப் போகும்போது, முதலில் விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். சரிதானே?