கீமோ தொடங்கும் முன் உங்கள் வயதுக்காரர் ஒருவரிடம் பேசுங்கள்

இருபத்தைந்து வயதில் பயாப்ஸி ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்தால், பல வீடுகளில் முதல் வேலையே மறைப்பதுதான். "நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளை, யாருக்கும் தெரியக் கூடாது" என்பார் அம்மா. சொந்தக்காரர்களுக்கு மஞ்சள்காமாலை என்று சொல்லப்படும். ஓ.பி.யில் பக்கத்து நாற்காலிக்காரருக்கு வயது அறுபது. குழந்தைகள் வார்டோ வேறு மாடியில். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 15 முதல் 39 வயது வரையுள்ளவர்களைத் தனிப் பிரிவாகவே பார்க்கிறது. நம் ஊர் மருத்துவமனைகளில் பெரும்பாலும் குழந்தைகள், பெரியவர்கள் என்ற இரண்டே கதவுகள்தான். நடுவில் நிற்கும் பிள்ளை இரவில் போனை எடுத்து, முன்பின் தெரியாத வாட்ஸ்அப் குழுவில் சேர்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சிகிச்சை முடித்த சமவயதுக்காரரின் துணை வீண் ஆறுதல் அல்ல. நாக்கில் இரும்புச் சுவை தட்டும்போது எவர்சில்வர் கரண்டியை விட்டு மரக் கரண்டிக்கு மாறச் சொல்வதும், முடி கொட்டத் தொடங்குமுன் குட்டையாக வெட்டிக்கொள்ளச் சொல்வதும் அவர்தான். இவற்றைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகளும் இடுப்புப் பகுதி ரேடியேஷனும் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கக்கூடும். அதனால் சிகிச்சைக்கு முன்பே விந்தணுவையோ கருமுட்டையையோ சேமித்து வைக்கலாம். ஆண்கள் விந்தணு சேமிக்க ஓரிரு நாள் போதும். பெண்களின் கருமுட்டையை எடுக்க ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும். உடனே கீமோ தொடங்க வேண்டிய நோய்களில் அவ்வளவு அவகாசம் கிடைக்காமலும் போகலாம். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் அவசர ஓ.பி.யில் யாரும் சொல்வதில்லை. கீமோ முடிந்து, திருமணப் பேச்சு வரும்போதுதான் இதைத் தெரிந்துகொண்டு உடைந்துபோனவர்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முதல் கீமோவுக்கு முன்பே கேளுங்கள். சேமிக்கும் மையம், கருத்தரிப்பு உதவி மையங்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றதா என்றும் பாருங்கள்.

சரி, அப்படி ஒருவரை எங்கே தேடுவது? மருத்துவமனையில் மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர் இருக்கிறாரா என்று ஓ.பி. பதிவுக் கவுண்டரில் விசாரியுங்கள். அடையாறு புற்றுநோய் நிலையத்தில் நோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. தனியார் மருத்துவமனை என்றால் கவுன்சிலரைக் கேளுங்கள். "எனக்கு உதவி வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் "அப்புறம் வாங்க" என்பார்கள். "என் வயதில், இதே நோய்க்கு இங்கே சிகிச்சை முடித்த ஒருவரிடம் பேச வேண்டும், அவர் சம்மதித்தால் என் எண்ணை அவரிடம் கொடுங்கள்" என்று கேளுங்கள். அவருடைய எண்ணை உங்களிடம் தரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். தட்டிக்கழித்தால் பெயர், வயது, ஓ.பி. எண், நோயின் பெயர் எழுதி அரைப்பக்க மனு கொடுங்கள். அரசு மருத்துவமனையில் நிலைய மருத்துவ அலுவலரிடமும், தனியாரில் மருத்துவக் கண்காணிப்பாளரிடமும் கொடுக்கலாம். நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் நகராதீர்கள். மும்பையில் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் 'உகம்' குழு, சிறுவயதில் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களால் ஆனது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? நம் மருத்துவமனை நிர்வாகங்கள் பதில் சொல்ல வேண்டும்.

மீண்டவர்கள் சொல்லித் தெரியும் இன்னொன்று ரயில் சலுகை. சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. உடன் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதம். ரயில்வே படிவத்தில் மருத்துவமனை டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அதை முன்பதிவுக் கவுண்டரில் கொடுத்து டிக்கெட் எடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் நாளிலேயே படிவத்தை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பிறகு அதற்காகவே ஒருநாள் அலைய வேண்டியிருக்கும்.

இனி எச்சரிக்கை. பெயரும் ஓ.பி. எண்ணும் தெரியும் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அதே ரிப்போர்ட்டைக் காட்டி உங்கள் பெயரில் வேறொருவர் நன்கொடை வசூலிக்க முடியும். பணம் பறிபோனால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். தாமதித்தால் பணத்தை முடக்குவது கடினம். "கீமோ வேண்டாம், இந்தச் சூரணம் போதும்" என்று விற்பவர் குழுவுக்குள் நுழைவார். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். ஸ்கிரீன்ஷாட்டுடன் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். "இது எங்க வேலை இல்லை" என்றால், பிடியாணை இல்லாமலே நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் இது என்று சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நண்பர் சொன்னார் என்று கீமோவை நிறுத்தாதீர்கள், மருந்தின் அளவை மாற்றாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குப் பதினெட்டு வயது தாண்டிவிட்டால், தன் நோய் என்ன என்று அறியும் உரிமை அவர்களுடையது. மறைக்காதீர்கள், அவர்கள் வயதுக்காரருடன் பேச விடுங்கள். இரவில் மனம் தாங்காதபோது 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்.