பள்ளம் சொல்லாத சேதம்

இரண்டு திடப்பொருள்கள் ஒன்றையொன்று அழுத்தும்போது தொடும் இடத்திலும் அதற்கு அடியிலும் என்ன நிகழ்கிறது என்பதை ஆராயும் துறை தொடுகை விசையியல் எனப்படுகிறது. பின்னாளில் மின்காந்த அலைகளால் புகழ்பெற்ற ஹைன்ரிஹ் ஹெர்ட்ஸ், பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்சின் உதவியாளராக இருந்தபோது, கண்ணாடி வில்லைகளைச் சேர்த்து அழுத்தினால் அவற்றிடையே தோன்றும் ஒளி வளையங்கள் எவ்வாறு மாறும் என்ற கேள்வியைப் பற்றிக்கொண்டு 1880ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் இத்துறைக்கு அடித்தளமிட்டார். அவருடைய கணக்கின்படி ஓர் உருண்டை தட்டையான பரப்பைத் தொடுவது புள்ளியில் அன்று, ஒரு சிறு வட்டத்தில். விசை எட்டு மடங்கானால் வட்டத்தின் ஆரம் இரு மடங்காகவும் உருண்டை அமிழும் ஆழம் நான்கு மடங்காகவும் கூடும். பொருளின் ஒரு பகுதியை அடுத்த பகுதிமேல் நழுவச் செய்ய முயலும் சறுக்குத் தகைவு உச்சத்தை எட்டுவது மேற்பரப்பில் அன்று, தொடுவட்ட ஆரத்தில் ஏறத்தாழப் பாதி ஆழத்தில் என்பதும் அந்தக் கணக்கிலிருந்தே கிடைக்கிறது. பால் பேரிங்குகளில் விரிசல்கள் பல வேளைகளில் உள்ளிருந்து கிளம்புவதற்குக் காரணம் இதுதான்.

ஹெர்ட்ஸின் கணக்கு, எத்திசையிலும் ஒரே பண்புடைய பொருளுக்கானது. போயிங் 787 விமானக் கட்டமைப்பின் எடையில் ஏறத்தாழப் பாதியாக அமைந்த கார்பன் இழைக் கலப்புப் பொருளோ அப்படிப்பட்டதன்று. தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லிய இழைகளை ஒரே திசையில் கிடத்தி, எபாக்சிப் பிசினால் பிணைத்து, மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ தடிமன் கொண்ட அடுக்குகளாக்கி, அவற்றை வெவ்வேறு கோணங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுக்கிச் செய்யப்படுவது அது. இழை ஓடும் திசையில் ஓர் அடுக்குக்குள்ள விறைப்பு, குறுக்குத் திசையில் உள்ளதைவிடப் பத்து மடங்குக்கும் அதிகம். தகட்டின் முகத்தில் விழும் அடி சந்திப்பதோ அந்த வலுவற்ற குறுக்குத் திசையைத்தான். 1982இல் யாங், சுன் ஆகிய ஆய்வாளர்கள், ஹெர்ட்ஸ் விதியின் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தடிமன் திசைக்குரிய மீட்சிக் குணகத்தை அதில் பொருத்தினாலே அழுத்தும் கட்டம் பெருமளவு சரியாக அமைவதைக் காட்டினர். விசையை விலக்கும்போது மட்டும் பொருள் வந்த வழியே திரும்புவதில்லை. ஒரு சிறு பள்ளம் எஞ்சிவிடுகிறது.

பள்ளம் எஞ்சுவதைவிட, அதன் அளவு உள்ளிருக்கும் சேதத்தின் அளவைக் காட்டாதிருப்பதே பெரிய சிக்கல். கைதவறிய ஸ்பானர் ஒன்று இறக்கையின் தோல்மீது விழுந்தால், தகடு வளைய, ஏதேனும் ஓர் அடுக்கில் இழைகளுக்கு இடைப்பட்ட பிசின் பிளக்கிறது. அந்த விரிசல் வேறு கோணத்தில் கிடக்கும் அடுத்த அடுக்கின் இழைகளில் முட்டி, மேலே போக வழியின்றித் திரும்பி, இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே பக்கவாட்டில் பரவுகிறது. தொழில்நுட்பர்கள் டெலாமினேஷன் என்று சொல்லும் அடுக்குப் பிரிதல் இதுதான். ஒரே கோணத்தில் அடுத்தடுத்துக் கிடக்கும் அடுக்குகளுக்கு இடையே இது பொதுவாகத் தோன்றுவதில்லை. கோணம் மாறும் இடங்களில், கீழ் அடுக்கின் இழைத் திசையில் நீண்ட, இடை சிறுத்த நிலக்கடலை வடிவில் தோன்றி, பின்முகத்தை நோக்கிப் போகப்போக அகன்றுகொண்டே செல்கிறது. மேலே தெரியும் பள்ளமோ நாளடைவில் ஈரத்தாலும் வெப்பத்தாலும் ஓரளவு மீண்டு, முன்னிலும் ஆழம் குறைந்துவிடக்கூடும். இழுவிசையை ஒடியாத இழைகள் தாங்கிக்கொள்ளும்; அமுக்கு விசையின்கீழோ பிரிந்த மெல்லிய அடுக்குகள் தனித்தனியே நெளிந்து மடங்கிவிடும். பறக்கும்போது அமுக்கத்துக்கு உள்ளாவது இறக்கையின் மேல்தோல் என்பதையும், கருவிகள் தவறி விழுவது பெரும்பாலும் அதன்மீதுதான் என்பதையும் சேர்த்து எண்ணினால் இதன் தீவிரம் விளங்கும்.

ஆகையால் பொறியாளர்கள் கண்ணை நம்புவதில்லை. 150க்கு 100 மில்லிமீட்டர் அளவுள்ள தகட்டின்மீது எடையொன்றை விழவைத்து, பிறகு அதை நெருக்கி எவ்வளவு வலு எஞ்சியிருக்கிறது என்று அளப்பது ஒரு வழக்கமான சோதனை. விமானக்கூடத்தில், தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோலச் சிறு சுத்தியலால் தட்டி மந்தமான ஓசை எழும் இடத்தைக் குறித்துக்கொண்டு, மீயொலிக் கருவியால் எல்லையை வரைகின்றனர். கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் சேதம் ஏற்கெனவே இருப்பதாகக் கொண்டே, பணிக்காலத்தில் எதிர்பார்க்கும் உச்சச் சுமையின் ஒன்றரை மடங்கைக் கட்டமைப்பு தாங்க வேண்டும் என்பது வடிவமைப்பு நெறி.

இழையின் வலிமையே எப்போதும் விளம்பரம் பெற்றாலும், இப்பொருளின் விதியைத் தீர்மானிப்பது அடுக்குகளுக்கு நடுவிலுள்ள பிசின்தான். 1970இல் ரோல்ஸ் ராய்ஸின் ஆர்பி211 எஞ்சினுக்கென உருவான கார்பன் இழை விசிறி அலகுகள் பறவை மோதல் சோதனையில் தோற்று, அவற்றின் இடத்தை டைட்டானியம் பிடித்தது. வேறு செலவுகளும் சேர்ந்து அந்நிறுவனத்தை 1971 பிப்ரவரியில் திவால் நிலைக்குத் தள்ளின. ஜிஇ90 எஞ்சின் 1995இல் கலப்புப்பொருள் அலகுகளுடன் பணிக்கு வந்தபோது அவற்றின் முன்விளிம்பில் டைட்டானியம் உறை இருந்தது. 2016இல் பணிக்கு வந்த லீப் எஞ்சினின் அலகுகளில் இழைகள் தடிமன் திசையிலும் ஊடுருவும்படி முப்பரிமாணமாக நெய்யப்படுவதால், விரிசல் தங்குதடையின்றி ஓடுவதற்கான தனி இடையடுக்கு அங்கே இல்லை. ஆயினும் நேரடி மோதலை முதலில் வாங்கும் முன்விளிம்பு இன்றும் டைட்டானியத்தால்தான் காக்கப்படுகிறது.