நிற்கும் காரும் கார்பரேட்டரும்
சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பழங்கால வாகனத் திட்டத்தில் பதிவான, குறைந்தது 35 ஆண்டு வயதுடைய கார்கள், ஆண்டுக்கு 45 நாட்கள் வரை மட்டுமே சாலையில் ஓடலாம் என்பதால், காற்றையும் பெட்ரோலையும் ஏறத்தாழ 15-க்கு 1 என்னும் எடை விகிதத்தில் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டர், ஓட்டத்தால் மட்டுமன்றி ஓய்வாலும் பழுதடைகிறது. கார்பரேட்டரின் மிதவை அறையில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகும்போது எஞ்சும் பிசின், ஜெட் எனப்படும் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. புதுப்பிப்பவர் கருவியைப் பிரித்து, உலோகப் பாகங்களைக் கரைப்பானில் ஊறவைத்து, துளைகளைக் கம்பியால் குத்தி அகலமாக்கிவிடாமல் அழுத்தக் காற்றால் ஊதித் துப்புரவாக்கி, இறுகிய கேஸ்கெட்டுகளையும் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி வால்வையும் மாற்றி, மிதவையின் உயரத்தைச் சரிபார்த்த பின்னரே மீண்டும் பூட்ட வேண்டும். காரை நெடுநாள் நிறுத்துமுன் மிதவை அறையைப் பாதுகாப்பாக வடித்துவிடுவது, உரிமையாளர் ஒவ்வொருவரும் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டிய பராமரிப்பாகும்.