அலுவலகத்தில் மட்டும் வரும் தும்மல்

வீட்டில் இருக்கும்வரை மூக்கு நன்றாகத்தான் இருக்கும். அலுவலகப் பதிவறைக்குள் போய், வருஷக்கணக்கில் யாரும் பிரிக்காத கோப்புக் கட்டை அவிழ்த்ததும் ஆரம்பித்துவிடும். அடுக்கடுக்காகத் தும்மல், கண்ணில் அரிப்பு, மூக்கில் நிற்காமல் தண்ணீர். “சளியா? கொஞ்சம் தள்ளி உட்காருங்க” என்பார் பக்கத்து இருக்கைக்காரர்.

இது சளி இல்லை, ஒவ்வாமை; யாருக்கும் தொற்றாது. சளி என்றால் ஒரு வாரம், பத்து நாளில் ஓயும். இது காய்ச்சல் இல்லாமல், அரிப்போடு மாதக்கணக்கில் இழுக்கும். பழைய காகிதத்தில் படிந்திருக்கும் பூஞ்சைத் துகளையும், குஷன் நாற்காலியிலும் தரைவிரிப்பிலும் வாழும் தூசிப் பூச்சிகளின் கழிவையும் உடம்பு எதிரியாக எண்ணி ஹிஸ்டமின் என்னும் ரசாயனத்தைச் சுரக்கிறது. அதன் விளைவுதான் இவ்வளவு அவஸ்தையும்.

இதைச் சின்ன விஷயமாகப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 2001-ல் வெளியான ‘ஏரியா’ என்னும் சர்வதேச மருத்துவ வழிகாட்டி, தூக்கத்தையோ அன்றாட வேலையையோ கெடுக்கும் மூக்கு ஒவ்வாமையை லேசானது என்ற வகையில் சேர்ப்பதில்லை. ஆனால் நம் ஊரில் மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிடுகிறோம். குளோர்பெனிரமைன் போன்ற பழைய மாத்திரைகள் தும்மலை அடக்கும். கூடவே கண்ணைச் சொருகவைக்கும். அதைப் போட்டுக்கொண்டு டூவீலர் ஓட்டுவதும் மெஷினில் நிற்பதும் தும்மலைவிட ஆபத்து. தூக்கம் அதிகம் தராத மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டரிடம் கேட்டு வாங்கலாம். மூக்கடைப்பை நொடியில் திறக்கும் சொட்டு மருந்தில் இன்னும் கவனம் வேண்டும். சில நாட்களுக்கு மேல் விடாமல் போட்டால், மருந்தை நிறுத்தியதும் முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும்.

டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைப் பலர் இரண்டே நாளில் ‘கேட்கவில்லை’ என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அதன் முழுப் பலன் தெரியச் சில நாட்கள், சிலருக்கு இரண்டு வாரம்கூட ஆகும். அடிக்கும் முறையும் முக்கியம். தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும் அடிக்க வேண்டும். முனை நடுத்தண்டைப் பார்க்காமல் காதுப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அடித்ததும் பலமாக உறிஞ்சக் கூடாது; உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

மருந்து பாதி வேலையைத்தான் செய்யும், மீதியை நிர்வாகம் செய்ய வேண்டும். ஊழியர்கள் உட்கார்ந்திருக்கும்போதே துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்பும் வழக்கத்தை இன்றே நிறுத்தலாம். அவர்கள் வருவதற்கு முன் ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஆயுத பூஜைக்கு மட்டும் பதிவறையை உதறுவது, ஒரு வருஷத் தூசியை ஒரே நாளில் மூக்கில் ஏற்றுவதற்குச் சமம். ஏசி ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் கம்பளி போல் படிந்திருக்கும். அதை அடிக்கடி கழுவச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் எதற்கு? கோப்பு எடுக்கப் போகிறவருக்கு என்-95 முகக்கவசம் தருவதும் பெரிய செலவில்லை.

பேக்கரியிலும் மாவு மில்லிலும் மரப்பட்டறையிலும் வேலை செய்கிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். விடுமுறையில் மூக்கு தெளிந்து, வேலைக்குத் திரும்பியதும் ஒழுக ஆரம்பித்தால் அது தொழில் தந்த ஒவ்வாமையாக இருக்கலாம். இவர்களில் சிலருக்கு மூக்கில் தொடங்குவது பின்னால் ஆஸ்துமாவில் போய் முடிகிறது. அதனால் டாக்டரிடம் போகும்போது தும்மலை மட்டும் சொல்லாமல், என்ன வேலை, எந்தத் தூசி, எந்த நாட்களில் குறைகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இருமலோ இழுப்போ சேர்ந்துகொண்டால் தள்ளிப்போட வேண்டாம்.